கலிங்கு ஓடிய நாட்களை எண்ணாதீர்கள்: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்னை பேசின் பிரிட்ஜில் தலா 30 மெகாவாட் திறனுள்ள நான்கு எரிவாயுச் சுழலிகள் 1996ஆம் ஆண்டு முதல் நிற்கின்றன. ‘நிற்கின்றன’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் அவை ஓடும் நேரம் மிகச் சொற்பம். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நாப்தா என்ற திரவ எரிபொருளை நம்பிக் கட்டப்பட்ட நிலையம் அது; அதை எரித்து எடுக்கும் ஒரு யூனிட்டின் விலை, நிலக்கரி மின்சாரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பேசக்கூடியதே அல்ல. ஆகவே செலவுக் கணக்கில் அந்த நிலையத்தின் பெயரைப் பார்க்கும் எவருக்கும், ஓடாத இயந்திரத்துக்கு எதற்கு ஆளும் பராமரிப்பும் என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். அந்தக் கேள்வியே தவறாக அமைந்தது என்று பின்னாளில் உணர்ந்தேன். எரிவாயுவை எரித்து உச்ச நேரத்துக்கு மட்டும் மின்சாரம் தரும் நிலையங்களை எந்த அளவுகோலால் அளப்பது என்பதைப் பற்றி ஆணையம் ஒரு முறையாவது தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் துணைமின் நிலையங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். மணிக்கு ஒருமுறை மின்னழுத்தம், ஆம்பியர், அதிர்வெண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது எங்கள் அன்றாட வேலை. தேவைக்கு மின்சாரம் போதாதபோது அதிர்வெண் இறங்கும். தொண்ணூறுகளில் மாலை ஆறரை மணிக்கு மேல் அதிர்வெண் என்ற கட்டத்தில் 50 என்ற எண்ணை எழுதிய நாட்கள் அரிது, 48.5 வரை இறங்கிப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் மின்பளு அனுப்புகை மையத்திலிருந்து தொலைபேசி ஒலித்தால் எந்தப் பீடரை, அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் எந்தத் தடத்தை, அணைக்கச் சொல்லப் போகிறார்கள் என்பதுதான் கேள்வியாக இருக்கும். பிள்ளைகள் படிக்கும் நேரம், அடுப்படி வேலை நடக்கும் நேரம், கடைத்தெருவில் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம் எல்லாம் அதுதான். அணைத்த பீடரில் என் வீடும் இருக்கும். பகலெல்லாம் தாராளமாக இருந்த மின்சாரம், எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் மட்டும் போதாமல் போவதை ஏட்டறிவாக அல்லாமல் கையால் அணைத்துக் கற்றவன் நான்.

இன்று அதிர்வெண் பிரச்சினை அந்த அளவுக்கு இல்லை. ஆனால் மாலை நேரம் முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது. தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. சூரிய மின்சாரமும் 10,000 மெகாவாட் என்ற எல்லையைத் தொட்டுவிட்டது. இது பெருமைப்பட வேண்டிய செய்தி. அதே சமயம், நல்ல வெயில் நாளின் நண்பகலில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் தந்துகொண்டிருக்கும் சூரியத் தகடுகள் மாலை ஆறரைக்குள் முழுமையாக ஓய்ந்துவிடுகின்றன. மூன்று மணி நேரத்தில் 5,000 மெகாவாட் மறைகிறது என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 மெகாவாட் வீதம் வேறெங்கிருந்தோ ஈடுகட்டியாக வேண்டும். அதே மூன்று மணி நேரத்தில் விளக்குகளும் விசிறிகளும் குளிர்சாதனங்களும் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்குகின்றன. 2024 மே 2ஆம் நாள் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. அவ்வளவு பெரிய பளுவைத் தாங்கும் அமைப்பில் சறுக்கலும் பெரிதாகத்தான் இருக்கும்.

இந்தச் சரிவை நிலக்கரி நிலையங்களால் மட்டும் சமாளிக்க முடியாது. குளிர்ந்து கிடக்கும் ஓர் அனல்மின் அலகை மூட்டி, கொதிகலனைச் சூடாக்கி, நீராவியைப் பதப்படுத்தி, சுழலியை மின்தொகுப்போடு இணைப்பதற்குப் பல மணி நேரமாகும். ஓடிக்கொண்டிருக்கும் அலகையும் ஓர் அளவுக்குக் கீழே இறக்க இயலாது. அந்த அளவை 55 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதி வகுத்தது. மாலையில் தேவைப்படும் என்பதற்காகப் பகல் முழுவதும் அலகுகளைப் பாதிச் சுமையில் எரியவிடுவதும், அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காக நண்பகலில் சூரிய மின்சாரத்தை வெட்டுவதும் இரட்டை நட்டம். நீர்மின் நிலையங்கள் நொடியில் கைகொடுப்பவைதான். ஆனால் நம்மிடம் இருப்பது சுமார் 2,300 மெகாவாட். அதிலும் ஒரு பகுதி பாசனத்துக்குத் திறக்கும் நீரைச் சார்ந்தது. மேட்டூரில் மதகு எப்போது திறக்கும் என்பதை முடிவுசெய்வது மின்சாரத் தேவை அல்ல, குறுவையும் சம்பாவும்தான். டெல்டாக்காரன் என்ற முறையில் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

எரிவாயுச் சுழலியின் இடம் இங்கேதான் வருகிறது. விமானத்தின் எஞ்சினும் அதுவும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. காற்றை அழுத்தி, அதில் எரிபொருளைக் கலந்து எரித்து, விரியும் வளிமத்தால் சுழலியை ஓட்டுகிறோம். கொதிகலன் இல்லை, நீராவி இல்லை. ஆகவே பொத்தானை அழுத்தியதிலிருந்து முழுச் சுமைக்கு வர, வகையைப் பொறுத்து, பத்து நிமிடம் முதல் அரை மணி நேரம் போதும். அதற்குக் கொடுக்கும் விலை திறன் குறைவு. ஏறத்தாழ ஐந்நூறு டிகிரி வெப்பத்தோடு வெளியேறும் வளிமம் அப்படியே புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அந்த வெப்பத்தைப் பிடித்து நீராவியாக்கி இன்னொரு சுழலியையும் ஓட்டுவதுதான் கூட்டுச் சுழற்சி முறை. திறன் வெகுவாகக் கூடும், ஆனால் கொதிகலன் வந்துவிட்டதால் சுறுசுறுப்புப் போய்விடும். தினமும் சூடேறிக் குளிர்வதால் அந்தக் கொதிகலனின் குழாய்களும் பற்றவைப்புகளும் சீக்கிரம் களைத்துப் போகும். வேகத்தையும் சிக்கனத்தையும் ஒரே இயந்திரத்தில் முழுமையாக எதிர்பார்க்க முடியாது.

எங்கள் பக்கத்தில் ஏரிக்கும் கண்மாய்க்கும், மிஞ்சும் நீர் வழிந்தோடக் கல்லால் கட்டிய கலிங்கு என்று ஒன்று உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் அது சில நாட்கள்தான் ஓடும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஓடவே ஓடாது. அதற்காக, கலிங்கு எத்தனை நாள் ஓடியது என்று கணக்குப் பார்த்து, ஓடவில்லையே, கல்லைப் பெயர்த்து விற்றுவிடலாம் என்று எந்த ஊர்க்கூட்டமும் தீர்மானம் போட்டதில்லை. கலிங்கு இல்லாத ஏரியின் கரை எந்த இரவில் உடையும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், அது ஓடாத நாளிலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. உச்சநேர நிலையமும் அத்தகையதே. ஒப்புமை முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கலிங்குக்கு எரிபொருள் வேண்டாம், அதிலிருந்து புகையும் வராது. அந்த இரண்டையும் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

முதலில் நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். மாநில மின் நிறுவனத்தின் எரிவாயு நிலையங்கள் நான்கு. பேசின் பிரிட்ஜ் 120 மெகாவாட், திருமாக்கோட்டைக்கு அருகிலுள்ள கோவில்களப்பால் 107.88, குத்தாலம் 101, இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூர் இரு கட்டங்களுமாக 187.2, ஆக மொத்தம் 516.08 மெகாவாட். இந்த நான்கையும் ஒரே தலைப்பின்கீழ் கூட்டிக் காட்டுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பேசின் பிரிட்ஜ் பிறவியிலேயே உச்சநேரப் பொறி. விரைவாகக் கிளம்பும், ஆனால் கட்டுப்படியாகும் எரிபொருள் அதற்கு வாய்க்கவில்லை. மற்ற மூன்றுக்கும் காவிரிப் படுகையிலும் இராமநாதபுரத்திலும் கிடைக்கும் உள்நாட்டு எரிவாயு குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆனால் அவை கூட்டுச் சுழற்சி நிலையங்கள், நாள் முழுவதும் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. பல் இருக்கும் இடத்தில் முறுக்கு இல்லை. முறுக்கு இருக்கும் இடத்தில் பல் இல்லை.

டெல்டா நிலையங்களை மாலையில் மட்டும் ஓட்டினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான், ஆனால் விடை நிலையத்தில் இல்லை, கிணற்றில் இருக்கிறது. எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயுவைக் குழாய் திருகுவதுபோல் காலையில் மூடி மாலையில் திறக்க முடியாது. எண்ணெய் எடுத்தால் வாயுவும் வந்தே தீரும். வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றால் அது உயரமான குழாயின் முனையில் வீணாக எரிந்துகொண்டிருக்கும். இரவில் வயல்வெளிக்கு அப்பால் அந்தச் சுடரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. பூமிக்கு மேலே சேமித்து வைக்கப் பெரிய வசதியும் கிடையாது. ஆகவே அந்த மூன்று நிலையங்களும் கிடைக்கும் வாயுவைக் கிடைக்கும் வேகத்தில் எரித்து ஓடுவதே சரி. வயதாக ஆகக் கிணறுகளின் அழுத்தம் குறையும். புதிய கிணறுகளுக்கும் வழியில்லை. கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் 2017இல் மக்கள் எழுப்பிய குரலுக்குப் பின், 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். மின் நிலையங்களுக்காக அதைத் தளர்த்த வேண்டும் என்று எவரேனும் இந்த மடலை மேற்கோள் காட்டினால், அது என் கருத்துக்கு நேர்மாறானது.

எனவே உச்சநேரப் பொறிக்கு எரிபொருள் என்றால் அது திரவமாக்கி இறக்குமதி செய்யப்படும் எரிவாயுவாகத்தான் இருக்க முடியும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கையாளும் முனையம் 2019 முதல் இயங்குகிறது. தொட்டியில் திரவமாக இருப்பதை வேண்டும்போது ஆவியாக்கலாம் என்பதால், கிணற்று வாயுவுக்கு இல்லாத நெகிழ்ச்சி இதற்கு உண்டு. ஆனால் விலையைப் பாருங்கள். உள்நாட்டு வாயுவுக்கு 2023 ஏப்ரலில் வந்த முறைப்படி பத்து இலட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 6.5 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த விலையில் ஒரு கூட்டுச் சுழற்சி நிலையம் யூனிட்டுக்கு ஏறத்தாழ நாலரை ரூபாய் எரிபொருள் செலவில் ஓடும். இறக்குமதி வாயு 12 டாலர் என்று வைத்து, 31 விழுக்காடு திறனுள்ள பழைய தனிச் சுழலியில் எரித்தால், டாலருக்கு 85 ரூபாய் கணக்கில், எரிபொருள் மட்டுமே 11 ரூபாயைத் தாண்டும். குழாய்க் கட்டணமும் வரியும் தனி. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி உலகச் சந்தையில் விலை பன்மடங்கு ஏறியபோது இந்தக் கணக்குகூட நகைப்புக்குரியதாகிவிட்டது.

பதினொரு ரூபாய் என்றதும், கருத்துக் கேட்புக் கூட்டமாக இருந்தால், அரங்கில் சலசலப்பு எழும். என் வேண்டுகோளின் மையமே இந்த இடம்தான். யூனிட் விலை என்பது மின்சாரத்தை மூட்டை கணக்கில் வாங்குபவருக்கான அளவுகோல். அடுத்த ஐயாயிரம் மணி நேரத்துக்கு யாரிடம் வாங்கலாம் என்பதை முடிவுசெய்ய அது உதவும். விலை குறைந்த நிலையம் முதலில், கூடியது கடைசியில் என்று வரிசைப்படுத்தும் முறையும் அதற்குச் சரியே. ஆனால் ஆண்டில் இருநூறு மணி நேரம் மட்டும் தேவைப்படும் ஒன்றை அதே அளவுகோலால் அளந்தால், அது எப்போதும் தோற்கும். 120 மெகாவாட் இருநூறு மணி நேரம் ஓடினால் கிடைப்பது 2.4 கோடி யூனிட். பதினொரு ரூபாய் வீதம் எரிபொருளுக்கு 26.4 கோடி ரூபாய். இதை நிலக்கரி மின்சாரத்தின் விலையோடு ஒப்பிடக் கூடாது. அந்த இருநூறு மணி நேரத்தில் வேறெதுவும் கிடைக்காமல் பீடர்களை அணைத்தால் ஏற்படும் நட்டத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த நேரத்தில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டும் சிறுதொழில் பட்டறைக்காரரிடம் யூனிட் என்ன விலை படுகிறது என்று கேட்டால் பதினொரு ரூபாயைவிட மிகப் பெரிய எண்ணைச் சொல்வார்.

மின்சாரச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்பது அடுத்த மறுப்பு. பல நாட்களில் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் சந்தையின் வழக்கமான ஏலங்களில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்கிறது. நாடெங்கும் வெயில் கொளுத்தும் மாலையில் விலை அந்த வரம்பைத் தொட்டு நின்றுவிட்டால், அதற்குமேல் தரத் தயாராக இருப்பவருக்கும் கேட்டது முழுவதும் கிடைக்காது. கேட்டவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பங்குதான். பணம் இருந்தும் பொருள் இல்லாத அந்த நேரத்துக்குத்தான் சொந்தக் கையிருப்பு வேண்டும். நாட்டில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 25,000 மெகாவாட் எரிவாயு நிலையங்கள் இருந்தன. பெரும்பாலானவை எரிபொருளின்றிச் சும்மா கிடந்தன. 2024இல் கோடைத் தேவையை எண்ணி மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பயன்படுத்தி, மே, ஜூன் மாதங்களில் எரிவாயு நிலையங்கள் ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு ஆணையிட்டது. ஆணை பலன் தந்ததா என்பது வேறு செய்தி. நெருக்கடிக்கென்று சட்டத்தில் வைத்த கதவைக் கோடைதோறும் தட்ட வேண்டியிருப்பது, சாதாரண நாட்களில் முறையான ஏற்பாடு இல்லை என்பதன் அடையாளம் என்றே எனக்குப் படுகிறது.

இனி, மின்கலத் தொகுப்புகள் வந்துவிட்டனவே, எரிவாயு எதற்கு என்ற கேள்வி. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பெருமளவுக்கு அதுவே சரியான விடையும்கூட. மாலைச் சரிவைத் தாங்குவதற்கு மின்கலத்தைவிடச் சிறந்த கருவி இன்று இல்லை. நண்பகலில் வெட்டி வீணாக்கும் சூரிய மின்சாரத்தையே சேமித்து, நொடிக்குள் திருப்பித் தரும். கலிஃபோர்னியாவில் 2024இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய மின்கலங்கள், சில மாலைகளில் எரிவாயுவையும் முந்தி, தொகுப்பின் மிகப் பெரிய மூலமாகவே நின்றன. நம்மிடம் அதற்கு மூத்த அண்ணன் ஒருவர் ஆனைமலையில் இருக்கிறார்: 1980களின் இறுதியிலிருந்து 400 மெகாவாட் தந்துவரும் காடம்பாறை நீரேற்று மின் நிலையம். மின்சாரம் மிஞ்சும் வேளையில் மேல் ஆழியாற்றின் நீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி ஓட்டுவது அது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டத்தின் 500 மெகாவாட், நெடுங்காலமாகக் கட்டுமானத்தில் இருக்கிறது. அதை விரைவில் முடிப்பது எந்த எரிவாயுத் திட்டத்தையும்விட முதன்மையான வேலை என்று தயங்காமல் சொல்வேன். அன்றாட மாலைக்கு நீரேற்று நிலையமும் மின்கலமும்தான் வேண்டும். 516 மெகாவாட் எரிவாயு, ஐயாயிரம் மெகாவாட் சரிவில் பத்தில் ஒரு பங்குதான். அதை வைத்துத் தினசரி மாலையைச் சமாளிக்கலாம் என்பது வீண் பேச்சு.

எரிவாயுப் பொறியின் வேலை வேறு. ஏப்ரல், மே மாதங்களில், தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயை எட்டும் முன்னரே வெக்கை உச்சத்துக்குப் போய்விடுகிறது. இரவு பதினொரு மணிக்கும் குளிர்சாதனங்கள் ஓய்வதில்லை. ஏழு மணிக்குத் தொடங்கிய இரண்டு மணி நேர மின்கலம் ஒன்பது மணிக்குக் காலி. அந்த இரவில் கூடங்குளத்தின் ஓர் உலை திடீரென நின்றால், 1,000 மெகாவாட்டில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டின் பங்கு. ஏறத்தாழ நம் எரிவாயு நிலையங்கள் எல்லாம் சேர்ந்த அளவு அது. உலை மீண்டும் ஓட நாட்கள் ஆகலாம். மின்கலத்தை நிரப்ப மறுநாள் நண்பகல் வரை காத்திருக்க வேண்டும். அந்த நண்பகலிலும் மேகம் மூடியிருக்கலாம். எரிபொருள் இருக்கும்வரை எத்தனை மணி நேரமானாலும் ஓடக்கூடிய ஒன்று அப்போது வேண்டும். அது ஆண்டில் பத்து நாள் வரலாம், வராமலும் போகலாம்.

இன்னொரு பணியும் உண்டு. அதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே இல்லை. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியத் தொகுப்பும் அடுத்தடுத்துக் கிழக்கும் வடகிழக்கும் சரிந்து கோடிக்கணக்கானோர் இருளில் மூழ்கியபோது, தென் தொகுப்பு அவற்றோடு ஒத்தியக்கத்தில், அதாவது ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து ஓடும் வகையில், இணைந்திருக்கவில்லை, ஆகவே தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 முதல் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடத்தின் வாயிலாக நாமும் அதே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டோம். தொகுப்பு முழுவதும் சரிந்தால், பெரிய அனல்மின் நிலையங்களால் தாமாகக் கிளம்ப முடியாது. அவற்றின் பம்புகளையும் விசிறிகளையும் ஓட்டவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். நீர்மின் நிலையமும், சிறு டீசல் எஞ்சினின் துணையோடு கிளம்பும் எரிவாயுச் சுழலியும்தான் முதல் விளக்கை ஏற்ற வல்லவை. நீர்மின் நிலையங்கள் மேற்கு மலைகளில் இருக்கின்றன. சென்னையோ கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. நகரின் உள்ளேயே நிற்கும் 120 மெகாவாட்டின் மதிப்பை ஒரு நாள் விற்ற யூனிட்டை வைத்து எப்படிக் கணக்கிட முடியும்? மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காக, எரிபொருளே இல்லாமல் மின்னாக்கியை மட்டும் தொகுப்போடு சேர்த்துச் சுழலவிடும் முறையும் இத்தகைய பொறிகளில் உண்டு. அந்தச் சேவைக்கும் கணக்கேட்டில் ஒரு வரி வேண்டாமா?

இவ்வளவு சொன்னபின், புகையைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. எரிவாயு சுத்தமான எரிபொருள் என்ற விளம்பரத்தை நான் ஏற்கவில்லை. நிலக்கரியை ஒப்பிடக் கரிமம் குறைவு, சாம்பல் இல்லை என்பது உண்மை. ஆனால் திறன் குறைந்த தனிச் சுழலியில் எரிக்கும்போது அந்த நன்மையில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. வழியில் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. உயர் வெப்பத்தில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளோ அக்கம்பக்கத்து மக்களின் நுரையீரலுக்கு நேராகப் போகின்றன. பேசின் பிரிட்ஜின் அக்கம்பக்கம் என்றால் வியாசர்பாடியும் புளியந்தோப்பும். மாநகரத்தின் மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும் உரத்துக்கும் ஏற்கெனவே தங்கள் மூச்சால் விலை கொடுத்துவரும் வடசென்னை அது. நியூயார்க் நகரிலும் இதே கதைதான்: உச்சநேரப் பொறிகள் பலவும் எளிய மக்கள் வாழும் பகுதிகளில் நிற்பதால், அவற்றின் நைட்ரஜன் ஆக்சைடு அளவுக்கு 2019இல் கடுமையான விதி கொண்டுவந்து, 2023, 2025 என்று இரு கட்டங்களாகக் கெடு வைத்தார்கள். ஆனால் 2025 கோடைக்கு நகரில் மின்திறன் போதாது என்று தெரிந்ததும், தொகுப்பை நடத்தும் அமைப்பு, கோவானஸ், நேரோஸ் என்ற இடங்களில் மிதவைகளின் மேல் இயங்கும் பழைய சுழலிகளை மேலும் சில காலம் வைத்திருக்க 2023 நவம்பரில் முடிவெடுத்தது. மாற்று தயாராகும் முன் கெடு வைத்தால் கெடுவே தோற்கும் என்பதை அங்கே பார்த்தோம். மாற்றைக் கட்டுவதற்கான கெடுவும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தால் புளியந்தோப்பைப் போன்ற அந்தப் பகுதிகள் இன்னொரு கோடையைப் பொறுத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே ஆணையத்தின்முன் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. உச்சநேரப் பணிக்கென்று வைத்திருக்கும் பொறிகளை மற்ற எரிவாயு நிலையங்களிலிருந்து பிரித்து, தனித் தலைப்பில் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தலைப்பின்கீழ் யூனிட் விலையை முதல் வரியாக வைக்க வேண்டாம். எத்தனை முறை கிளம்பச் சொன்னார்கள், எத்தனை முறை கிளம்பியது, சொன்ன நேரத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் தொகுப்போடு இணைந்தது என்பவை முதல் வரிகளாகட்டும். அழைத்தபோது வராத காவற்காரருக்கு மாதச் சம்பளம் எதற்கு என்ற கேள்வியை நான் உங்களைவிடக் கடுமையாகக் கேட்பேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலையத்துக்குத் தரும் நிலைக்கட்டணத்தை, ஆண்டு முழுவதும் தயார் என்று தாளில் அறிவிப்பதற்காக அல்லாமல், நெருக்கடி மாதங்களின் மாலை முதல் நள்ளிரவு வரை உண்மையில் தயாராக இருந்ததற்காக மட்டும் கொடுக்க வழிசெய்யுங்கள். முன்னறிவிப்பின்றி ஆண்டில் சில முறை கிளப்பிப் பார்க்கும் சோதனையையும், வெளி மின்சாரமே இல்லாமல் தொடங்கும் ஒத்திகையையும் கட்டாயமாக்கி, முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடச் செய்யுங்கள்.

அதே ஆணையில், இந்தப் பொறிகள் ஓராண்டில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற வரம்பும் இருக்கட்டும். அந்த வரம்பை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். மலிவான மின்சாரத்தை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யாத அலட்சியத்தை மறைக்க இவை பயன்படக் கூடாது. சுழலி ஓடும் நேரத்தின் புகை அளவு வியாசர்பாடிக்காரர் தம் கைப்பேசியில் பார்க்கும் வகையில் அன்றன்றே வெளியாக வேண்டும்.

எரிபொருளைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணூர் முனையத்தோடு நெடுங்கால ஒப்பந்தம் போட்டால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை வரும். ஆண்டில் இருநூறு மணி நேரம் ஓடும் பொறிக்கு அது பொருந்தாத சட்டை. பணத்தைக் கட்டிவிட்டோமே என்று தேவையில்லாத நேரத்திலும் ஓட்டத் தூண்டும். மணலிப் பகுதியில் அன்றாடம் எரிவாயு வாங்கும் பெரிய ஆலைகளில், வேறு எரிபொருளுக்குச் சில மணி நேரம் மாறிக்கொள்ளக்கூடிய வசதி எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்து, நெருக்கடி நேரத்தில் அவர்களின் பங்கைத் தக்க விலைக்கு மின் நிலையத்துக்குத் திருப்பும் உடன்பாடு சாத்தியமா என்று பார்க்கலாம். நெருக்கடி வராத ஆண்டில் நாம் கட்ட வேண்டியது, அந்த ஆயத்தத்துக்கான சிறு தொகை மட்டுமாக இருக்கும்.

புதிய எரிவாயு நிலையம் என்று யாரேனும் மனுவோடு வந்தால், அதே இடத்தில் அதே மணி நேரத்துக்கு மின்கலமும் நீரேற்று நிலையமும் தேவைக்குறைப்பும் என்ன விலையில் கிடைக்கும் என்பதைப் போட்டி ஏலத்தில் கண்டறிந்த பிறகே அந்த மனுவைத் தொட வேண்டும். உயரழுத்த நுகர்வோரிடம் உச்ச நேரத்துக்கு 25 விழுக்காடு கூடுதலாக வசூலிக்கிறோம். அந்த நேரத்தில் பளுவைக் குறைப்பவருக்குத் திருப்பித் தருவதில் அந்த அளவுக்கு முனைப்பு இல்லை. அழைத்தவுடன் குளிர்பதனக் கிடங்கையும் நூற்பாலையின் ஒரு பிரிவையும் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க முன்வருபவர், எந்தச் சுழலியையும்விட மலிவான உச்சநேர நிலையம்.

இந்த மடலை முறையான மனுவாக மாற்றி, உரிய கட்டணத்தோடு ஆணையச் செயலரிடம் அளிக்கவும் அணியமாக இருக்கிறேன். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பாக, பேசின் பிரிட்ஜின் நான்கு பொறிகளும் கடந்த ஐந்தாண்டுகளில் கிளம்பச் சொன்ன நாள், நேரம், கிளம்ப எடுத்த நிமிடங்கள் ஆகியவற்றை மட்டுமாவது வெளியிடும்படி ஆணையம் பணிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்து மின் நுகர்வோர் ஒருவர்